மாவு பொங்கிய அறை

மூன்றாம் நாள் காலையிலும் மாவு பொங்கவில்லை. ஊற்றி வைத்தபோது தூக்கில் எந்தக் கோட்டில் நின்றதோ அதே கோட்டில் நின்றது. அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "புளிக்கவும் இல்ல, கெடவும் இல்ல. என்ன ஊருடி இது?" என்றாள்.

விருதுநகர்ப் பக்கம் எங்களுக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு அரைத்து வைத்தால், விடியுமுன் மாவு தூக்கைத் தாண்டி மேடையில் வழிந்து, எறும்பு வந்து, பெரிய வேலையாகிவிடும். அந்த ஊரிலிருந்து எனக்கு ஊட்டிக்கு மாற்றல். டீச்சர் வேலை. அம்மாவும் மகனும் என்னோடு வந்தார்கள். அவனுடைய அப்பா தொழிலை விட்டு வர முடியாமல் ஊரிலேயே இருந்தார். லாரியில் சாமான்களோடு மூன்று சீலிங் ஃபேனும் ஏற்றி வந்தோம். இறக்கி வைத்த பிறகுதான் பார்க்கிறோம், வீட்டில் ஃபேன் மாட்டக் கொக்கியே இல்லை.

வீடு பிங்கர்போஸ்ட்டைத் தாண்டி, தலைக்குந்தா போகும் வழியில், ஒரு சரிவின் அடியில் இருந்தது. பக்கத்துச் சுவர் ஒட்டி வீட்டுக்காரம்மாவின் வீடு. படகர் வீட்டு அம்மா, எழுபது வயது தாண்டியவர். நாங்கள் போனது ஆகஸ்ட் மாதம். அப்போது மழையும் மூடுபனியும்தான் தெரிந்தன. வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்கு ஜனவரியில் பதில் கிடைத்தது.

குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் அது மலைச்சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். ஊட்டி 2240 மீட்டர், தொட்டபெட்டா 2637 மீட்டர். உயரம் கூடக்கூடக் குளிர் கூடும் என்றுதான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பனிக்காலத்து ராத்திரிகளில் அந்தப் பாடம் இங்கே தலைகீழாகிவிடும். மேட்டில் இருக்கும் வீடுகள் தப்பித்துக்கொள்ள, தலைக்குந்தா, காந்தல் மாதிரிப் பள்ளத்துப் புல்வெளிகள்தான் முதலில் வெளுக்கும். நாங்கள் காசு கொடுத்துக் குடியிருந்தது குளிர் வந்து தேங்கும் குட்டையில்.

இங்கே பனிக்கு இரண்டு பெயர். நவம்பர் வாக்கில் இறங்குவது நீர்ப்பனி. புல் நனைந்திருக்கும், அவ்வளவுதான். டிசம்பரிலிருந்து உறைபனி. காலையில் வெளியே வந்தால் புல் மேல் உப்புக் கொட்டியது போல் இருக்கும், நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர் சீட்டை நகத்தால் சுரண்டலாம். என்றைக்கு விழும் என்று வீட்டுக்காரம்மா முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுவார். "மேகம் இல்ல, காத்தும் இல்ல. இன்னிக்கு ஐஸ்தான் டீச்சர்." மேகம் பூமிக்குக் கம்பளி மாதிரி. அது இல்லாத ராத்திரியில் நிலத்தின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. தேயிலை நாற்றுகளைத் தாகைச் செடியால் மூடி வைப்பதும் இதற்காகத்தான். குளிர்காற்று படக்கூடாது என்று மூடுவதாக முதலில் நினைத்திருந்தேன். செடிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு மறைப்பு வேண்டும், அதற்குத்தான் மூடுகிறார்கள்.

அந்த மறைப்பு எங்கள் வீட்டுக்கும் வேண்டியிருந்தது. முன்பக்கம் காங்கிரீட். பின்பக்கம் இரண்டு அறைகளும் குளியலறையும் வெறும் தகர ஷீட். ராத்திரி முழுவதும் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சில்லிட்டுக் கிடக்கும். நாங்கள் மூன்று பேர் மூச்சுவிட்ட ஈரம், சோறு வடித்த ஆவி, வெந்நீர் ஆவி எல்லாம் மேலே போய் அதன் அடியில் துளித்துளியாகக் கோத்து நிற்கும். காலையில் வெயில் பட்டதும் வீட்டுக்குள் மழை. முதல் தடவை ஷீட் ஓட்டை என்று நினைத்து வீட்டுக்காரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓட்டை இல்ல டீச்சர், உங்க மூச்சுதான்" என்றார்.

இதற்கு மருந்து சீலிங். அவர் வீட்டில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்த சீலிங் இருந்தது. இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போவதால் அந்தப் பலகை கிடைப்பதில்லை. பேரம் பேசி, பாதி செலவு அவர், பாதி நான் என்று பிளைவுட் அடித்தோம். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு முழம் சும்மா நிற்கும் காற்று, அதுதான் எங்கள் கம்பளி. சொட்டுவது நின்றது. மூன்று குளிர்காலத்தில் நான் செய்த செலவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தண்டச் செலவு.

தண்டச் செலவில் முதல் இடம் ஹீட்டருக்கு. 2000 வாட். போட்ட ஐந்து நிமிடத்தில் முழங்கால் சுடும், முதுகு அப்படியே குளிரும். அணைத்த பத்து நிமிடத்தில் அறை பழையபடி ஆகிவிடும். மின்வாரியக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட், 60 நாளுக்கு 480 யூனிட். முதல் 100 யூனிட் இலவசத்தில் குளிர் காயலாம் என்று நினைத்திருந்தவளுக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு என்பது பில் வந்த பிறகுதான் உறைத்தது. அப்புறம் அந்த ஹீட்டர் குளியலறை வாசலில், பையன் குளித்து வரும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் என்றானது.

இரண்டாவது, கரிச் சட்டி. இதைச் செலவு என்று சொல்லக் கூடாது, புத்தி கெட்ட வேலை. ஹீட்டர் பில் பார்த்து மிரண்டிருந்த வாரத்தில் யாரோ சொன்னார்கள், இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுக் கங்காக்கி அறைக்குள் வைத்தால் விடிய விடிய வெதுவெதுப்பு என்று. புகை போகும்வரை வெளியே வைத்து, நன்றாகச் சிவந்த பிறகு உள்ளே கொண்டுவந்தேன். புகை இல்லையே, பிறகென்ன? ஜன்னலைச் சாத்தி, கதவடியில் பழைய சேலையைத் திணித்துப் படுத்தோம். நடு ராத்திரியில் பையன் வாந்தியெடுத்த சத்தத்தில்தான் கண் விழித்தேன். தலையை யாரோ இறுக்கிக் கட்டியது போல வலி. அம்மா எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். கதவைத் திறந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டேன். உறைபனி விழுந்திருந்த வாசலில் மூன்று பேரும் கால் மணி நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் குளிரே தெரியவில்லை.

சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசாமல் சட்டியைத் தூக்கி வாசலில் கவிழ்த்தார். திட்டு மறுநாள் காலையில் விழுந்தது, என்னையில்லை, அம்மாவை. "வயசான நீங்களுமா அக்கா?"

புகை இல்லை என்பதுதான் கரியின் வஞ்சகம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனே கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். குளிர்காலத்தில் நீலகிரிச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒன்று, பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் எழவில்லை என்பது. நானும் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் வைத்தேன். நமக்கு நடக்காது என்று நினைக்க எனக்குக் குளிர் ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

இந்த ஊர்க்காரர்கள் தீயைச் சுற்றி உட்காராமல் இல்லை. விடியற்காலையில் மார்க்கெட் பக்கம் போனால் சுமைதூக்குபவர்களும் ஆட்டோக்காரர்களும் அட்டைப்பெட்டி, சீகைக் குச்சி எல்லாம் போட்டு எரித்துச் சுற்றி நிற்பார்கள். ஆனால் தெருவில். எங்கள் ஊரில் 'குளிர்காய்கிறான்' என்றால் அடுத்தவன் வீடு எரியும்போது லாபம் பார்க்கிறான் என்று வசவு. இங்கே அது காலை ஆறு மணிக்குச் செய்கிற வேலை, அவ்வளவுதான். டீ குடிப்பது மாதிரி.

கணப்பு அடுப்பு உள்ள பழைய பங்களாக்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் கட்டிய கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால் வந்தவர்களும் கணப்பும் புகைபோக்கியும் வைத்தே கட்டினார்கள். எரிக்க விறகு போதாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் கொண்டுவந்து மலை முழுக்க நட்டார்கள். இந்த ஊரின் காட்டையே மாற்றியதில் அந்த அடுப்புகளுக்கும் பங்குண்டு. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் அப்படிப்பட்ட பழைய குவார்ட்டர்ஸில் இருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்க அழகு. ஆனால் சூட்டில் பெரும் பங்கு புகைபோக்கி வழியே போய்விடுகிறது. போகும்போது அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். முகம் சிவக்கிறது, கணுக்காலில் கத்தி வைத்த மாதிரி இருக்கிறது. "நாங்க சமையக்கட்டுலதான் உக்காருவோம்" என்றார் அந்த டீச்சர். அதோடு என் பொறாமை தீர்ந்தது.

கரிச் சட்டிக்குப் பிறகு வீட்டுக்காரம்மாவுக்கு எங்கள் மேல் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தினமும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தவர், எல்லா ஜன்னலும் சாத்தி, திரை போட்டு, மூன்று பேரும் கம்பளிக்குள் இருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வெளிய வந்து பாருங்க."

வெளியே வெயில். சுள்ளென்ற வெயில். ஜனவரியில் ராத்திரி 5 டிகிரிக்குக் கீழே போகிற ஊர், பகலில் 20 டிகிரியைத் தொட்டுவிடும். வெளியே 20, வீட்டுக்குள் 13. பையனின் ஜுரத்துக்கு வாங்கிய தெர்மாமீட்டர் இதற்கு உதவாது என்று நானே ஒரு சுவர் வெப்பமானி வாங்கி மாட்டியிருந்தேன், அதைப் பார்க்கத்தான் தோன்றவில்லை. ராத்திரிக் குளிரைச் சிறைபிடித்து, சாயங்காலம் வரை கட்டிக் காத்துக்கொண்டிருந்தோம்.

நான் வாசித்த குளிர்தேச யோசனைகள் எல்லாம் 'மூடு' என்றுதான் சொல்லின. அங்கே பகலும் குளிர், அதனால் அது சரி. இங்கே பத்தரை மணிக்கு எல்லாவற்றையும் திறக்க வேண்டும்; மூன்றரைக்கு, வெயில் மலைக்குப் பின்னால் இறங்குமுன் சாத்த வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அம்மாதான் இந்த ட்யூட்டி. சுவர் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து ராத்திரி ஒன்பது, பத்து வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். ஈரமும் வெளியேறிவிடும்; பீரோவுக்குப் பின்னால் படர்ந்திருந்த பூஞ்சை அந்த மாதத்தோடு நின்றது. இதை நான் முன்பே யோசித்திருக்கலாம். எங்கள் பள்ளியில் குளிர்காலத்தில் காலை முதல் பாடவேளை வகுப்பறையில் நடக்காது. பிள்ளைகளை மைதானத்தில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துத்தான் பாடம்.

இன்னொரு விஷயம் திசை. டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் ஊட்டிக்குத் தலைக்கு மேலே நிற்பதில்லை, ஏறக்குறைய 35 டிகிரி தெற்கே சாய்ந்து போகிறது. தெற்கு ஜன்னல் வழியே வெயில் அறை நடுவரை வரும், வடக்கு ஜன்னலுக்கு ஒரு கீற்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் வாஸ்து பார்த்து வடக்கே பெரிய ஜன்னல்கள் இரண்டு, தெற்கே சும்மா ஒன்று. அதையும் நாங்கள் பீரோ வைத்து அடைத்திருந்தோம். பீரோவை நகர்த்தினோம். வடக்கு ஜன்னல் இரண்டுக்கும் பவானி ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்துத் திரையாக மாட்டினேன். அழகுக்குச் சேராது, பரவாயில்லை.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க அம்மா ஊதுபத்தியோடு வீட்டைச் சுற்றினாள். சாமி கும்பிடுகிறாள் என்று பையன் பின்னாலேயே போனான். புகை ஆடாமல் நின்றால் சரி. சாய்ந்தால் அங்கே சந்து. கதவடி, ஜன்னல் சட்டத்தின் மூலை, கேபிள் வயர் வரும் ஓட்டை, அப்புறம் ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலேயும் இருந்த வென்டிலேட்டர். சமவெளியில் வெக்கை போக வைக்கிற அந்த ஓட்டையை, அதே கொத்தனார் கைப்பழக்கத்தில் இங்கேயும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சமையலறையில் கேஸ் எரிகிறது, அதைத் தொடவில்லை. கரிச் சட்டி எங்களுக்கு அந்த அளவுக்குப் புத்தி தந்திருந்தது. மற்றவற்றை அட்டை வைத்து அடைத்தோம். கதவடிக்குப் பழைய பேன்ட் காலை வெட்டி, மரத்தூள் நிரப்பி, இரண்டு முனையும் தைத்துப் பாம்பு மாதிரி போட்டோம்.

உடம்புக்குச் செய்ததில் சொல்ல அதிகமில்லை. தாவரவியல் பூங்கா பக்கத்தில் திபெத்தியர்கள் நடத்தும் கடைகளில் ஸ்வெட்டர். அம்மாவுக்குக் குரங்குக் குல்லா. முதலில் மாட்டேன் என்றாள், பிறகு சமைக்கும்போதுகூடக் கழற்றவில்லை. படுக்கப் போகும் அரை மணி நேரத்துக்கு முன் கம்பளிக்குள் வெந்நீர்ப் பை. அறையைச் சூடாக்க 2000 வாட் போதவில்லை, படுக்கையைச் சூடாக்க ஒரு லிட்டர் வெந்நீர் போதுமாக இருந்தது. தண்ணீர் இங்கே 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் பை உருகுமோ என்ற பயமும் குறைவு.

இவ்வளவு செய்தும் மாவு பொங்கவில்லை.

அம்மா விடவில்லை. தூக்கைக் கம்பளியில் சுற்றினாள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுப்பு அணைந்ததும் அதுவும் குளிர்ந்தது. வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கினாள். பீரோவுக்குள், கட்டிலுக்கு அடியில், டிவிக்குப் பின்னால். ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு இடம். காலையில் மூடியைத் திறந்து உதட்டைப் பிதுக்குவாள். ஒரு நாள் இடமெல்லாம் தீர்ந்துபோய், சாமான் போடுகிற அறையில் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னலே இல்லாத, எட்டுக்கு எட்டு அறை. உடைந்த நாற்காலி, அந்த மூன்று ஃபேன், அரிசி மூட்டை.

காலையில் அம்மா போட்ட சத்தத்தில் பயந்து ஓடினேன். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அந்த அறையின் ஒரு பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் சமையலறை. கேஸ் இருந்தாலும் காலையும் மாலையும் அவர் விறகடுப்பில்தான் சமைப்பார், வெந்நீரும் அதில்தான். புகைபோக்கி வைத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டிய அடுப்பு. தீ அவர் பக்கம், புகை வானத்துக்கு, சுவர் எங்களுக்கு.

போய்ச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமாக இல்லை. ஹட்டி என்றால் படகர் ஊர். பழைய ஹட்டிகளில் வீடுகள் தனித்தனியாக இல்லை. வரிசையாக, ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். வரிசையின் இரண்டு முனை வீட்டுக்காரர்களுக்குத்தான் குளிர் அதிகம் என்றார். தோடர்களின் குடியிருப்பான மந்தில் இருக்கும் பழைய வீடுகளை நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். மூங்கிலை வளைத்துப் புல் வேய்ந்த, பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற வீடு. ஜன்னல் கிடையாது. வாசல் மூன்றடி உயரம்கூட இருக்காது, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். ஏன் இவ்வளவு சின்ன வாசல் என்று ஒரு பையன் கேட்டதற்குக் காட்டு மிருகம் வராமல் இருக்க என்று சொன்னேன். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி.

அன்று சாயங்காலமே சாமான் அறையைக் காலி செய்தோம். ஃபேன் மூன்றும் பரண் ஏறின. தரையில் கோரைப்பாய், அதன் மேல் ஜமுக்காளம், மெத்தை. கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று பேரும் அந்த எட்டுக்கு எட்டில்தான். பெரிய ஹாலையும் இரண்டு படுக்கையறையையும் குளிருக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். பையன் பரீட்சைக்குப் படித்ததும் அதில்தான், அவனுடைய அப்பா பொங்கலுக்கு வந்தபோது நான்கு பேர் படுத்ததும் அதில்தான். மாவுத் தூக்கு சுவரை ஒட்டி, அம்மாவின் தலைமாட்டில்.

போன ஜனவரியில் வீட்டுக்காரம்மா மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போனார். கண் ஆபரேஷன், பத்து நாளாகும் என்றார். சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அடுப்பை மூட்டிக்கொள்ளச் சொன்னார். அடுத்தவர் அடுப்பில் கை வைக்க அம்மாவுக்கு மனசில்லை. இரண்டாம் நாளே சுவர் சில்லிட்டுவிட்டது. நாங்கள் கடையில் பாக்கெட் மாவு வாங்கினோம். அம்மா தினமும் ராத்திரி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் படுப்பாள்.

பத்து நாள் பதினாறு நாளானது. பதினேழாம் நாள் சாயங்காலம், நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அம்மா குரங்குக் குல்லாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய் உளுந்தை ஊறப் போட்டாள்.